அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போவுக்கு எந்த வாழ்க்கை வரலாறு வாங்குவது?

கல்லூரி நூலகத்தில் புத்தகம் வாங்குவது என் பொறுப்பு. ஆங்கிலத் துறை அனுப்பும் பட்டியலில் "போ வாழ்க்கை வரலாறு - 1" என்று மட்டும் இருக்கும், எது என்று எழுத மாட்டார்கள், அது நம் தலையில். மற்ற எழுத்தாளர்களுக்கு அண்மையில் வந்தது எது, விலை என்ன என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். போவுக்குப் போதாது, ஏனென்றால் அவர் வாழ்க்கையை முதலில் எழுதியவரே அவருக்கு ஆகாதவர்.

1849 அக்டோபர் 7 அன்று போ பால்டிமோரில் இறந்தார். இரண்டே நாளில் நியூயார்க் ட்ரிப்யூனில் 'லுட்விக்' என்ற புனைபெயரில் ஓர் இரங்கல் குறிப்பு: செய்தி கேட்டுப் பலர் திடுக்கிடுவார்கள், வருந்துபவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று. எழுதியவர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட். போவின் படைப்புகளைத் தொகுத்ததும் அவரேதான். 1850இல் அந்தத் தொகுப்பில் ஒரு வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்தார், போவின் கடிதங்களில் தன்னைப் புகழும் வரிகளைத் தானே நுழைத்து. என்ன துணிச்சல்! நன்றி கெட்ட, நண்பர்களே இல்லாத குடிகாரர் என்று இன்றும் காதில் விழும் போ பெரும்பாலும் இவர் கைவேலை. 1941இல் ஆர்தர் ஹாப்சன் க்வின் தான் எழுதிய போ வாழ்க்கை வரலாற்றில் அசல் கடிதங்களையும் கிரிஸ்வோல்ட் அச்சிட்டதையும் அக்கம்பக்கமாக வைத்துக் காட்டிய பிறகுதான் குட்டு நன்றாக உடைந்தது.

அதனால் எந்தப் புத்தகம் வந்தாலும் மரணத்தைச் சொல்லும் அத்தியாயத்தைத்தான் முதலில் திறப்பேன். அக்டோபர் 3, தேர்தல் நாள், வாக்குச்சாவடியாக இருந்த ஒரு மதுக்கடையில் போ நினைவு தடுமாறி, யாருடையதோ போன்ற உடையில் கிடந்தார். இறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை. சிகிச்சை தந்த மருத்துவர் ஜான் மோரன் சொன்ன கதையோ வருஷத்துக்கு வருஷம் மாறியது. குடி, வெறிநாய்க்கடி, ஆளைப் பிடித்துக் கள்ள ஓட்டுப் போடவைக்கும் கும்பல் என்று ஏதாவது ஒன்றை "இதுதான்" என்று அடித்துச் சொல்லும் நூலை, அட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பி வைத்துவிடுவேன்.

கென்னத் சில்வர்மேன் 1991இல் எழுதியது ஓட்டமாகப் படிக்கலாம். இரண்டு வயதில் தாயை இழந்த துக்கத்தோடு எல்லாவற்றையும் முடிச்சுப் போடுவதுதான் சில இடங்களில் அலுப்பு. க்வின் கொஞ்சம் வறட்சி, போவுக்கு வக்காலத்தும் வாங்குவார், ஆனால் ஆவணத்தை நம் கண்முன் வைத்துவிட்டுத்தான் வாங்குவார். ஒன்றுதான் முடியும் என்றால் க்வின், பணம் மிஞ்சினால் சில்வர்மேன். அப்புறம் 1987இல் வந்த 'போ லாக்', நாள்வாரியாக ஆவணங்கள் மட்டுமே அடுக்கியது, ஆய்வு மாணவர் யாராவது கேட்டால் வாங்கலாம். சும்மா படிக்க எடுப்பவர் பத்துப் பக்கம் தாண்ட மாட்டார்.