ரியல்-டைம் லினக்ஸ்: சைக்ளிக்டெஸ்ட் காட்டாத தாமதம்

பழைய ரேக் சர்வர் ஒன்றை ஒலி வேலைக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். மைக்கில் வருவதை வாங்கி, எஃபெக்ட் போட்டு, உடனே ஹெட்ஃபோனுக்கு அனுப்ப லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவை நேரடியாக அழைக்கும் சி நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் (48 கிலோஹெர்ட்ஸ்), ஒரு சுற்றுக்கு 64 மாதிரிகள் (ஃபிரேம்) என்றால் ஒரு சுற்றுக்குக் கிடைப்பது 1.33 மில்லிசெகண்ட். எஃபெக்ட்டே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மிச்ச நேரத்துக்குள் மற்ற வேலை முடியாவிட்டால் எக்ஸ்ரன், அதாவது ஒலி ஓட்டம் அறுபடும். காதில் 'டிக்' என்று விழும். சராசரி தாமதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, அதிகபட்சம்தான் கணக்கு.

லினக்ஸின் மையமான கர்னலில் 6.12 பதிப்பைப் போட்டேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளியே பேட்ச்சாகவே வளர்ந்த பிரீம்ட்-ஆர்டி (கர்னலை ரியல்-டைம் ஆக்கும் மாற்றங்கள்), 2024-இல் இந்தப் பதிப்பில்தான் மெயின்லைன் எனும் அதிகாரபூர்வ கர்னலுக்குள் வந்தது. இனி கான்ஃபிகில் தேர்ந்தெடுத்து கம்பைல் செய்தால் போதும். அத்தனை காலம் விடாமல் அதைத் தாங்கிப் பிடித்தவர்களை நினைத்தால் மனசு நிறைகிறது.

மற்றதெல்லாம் வழக்கமான வேலை: ஐசோல்சிபியூஸ் என்ற கர்னல் அமைப்பைக் கொடுத்து பிராசசரின் இரண்டு கோரை ஒதுக்கினேன், வன்பொருள் குறுக்கீடுகளை (ஐஆர்கியூ) கோர்களுக்குப் பங்கிடும் ஐஆர்கியூபேலன்ஸை நிறுத்தினேன், சவுண்ட் கார்டின் ஐஆர்கியூ திரெடுக்கு என் நிரலைவிட ஒரு படி அதிக முன்னுரிமை கொடுத்தேன்.

ஸ்ட்ரெஸ்-என்ஜி தரும் செயற்கைச் சுமையோடு, எழும் தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் கருவியை இரவு முழுக்க ஓடவிட்டதில் அதிகபட்சம் சில பத்து மைக்ரோசெகண்ட்தான். ஆனால் என் நிரல் தனியாக ஓடும்போது எக்ஸ்ரன் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் சைக்ளிக்டெஸ்ட்டை ஓடவிட்டால் நிற்கிறது, நிறுத்தினால் மறுபடி வருகிறது!

விடை சைக்ளிக்டெஸ்ட்டின் சோர்ஸிலேயே இருந்தது. தொடங்கியதும் அது /டெவ்/சிபியு_டிஎம்ஏ_லேட்டன்சி கோப்பைத் திறந்து 0 எழுதி, முடியும்வரை மூடாமல் வைத்திருக்கிறது. அதுவரை எந்தக் கோரும் ஆழ்ந்த சி-ஸ்டேட்டுக்குள் (மின்சாரம் மிச்சமாக்கும் தூக்க நிலை) தூங்கப் போகாது. என் நிரல் ஓடும்போது அந்தக் காவல் இல்லை. சி6 என்ற ஆழ்ந்த நிலையிலிருந்து எழ நேரமாகிறது; எழுந்த கோரின் கேஷும் (உடனடி நினைவகம்) காலியாக இருக்கிறது. லேப்டாப் என்ற ஆப்ஷனோடு சைக்ளிக்டெஸ்ட்டை ஓட்டினால் அது அந்தக் கோப்பைத் தொடாது. அப்படி ஓட்டியதும் உண்மையான எண் தெரிந்துவிட்டது.

ஷெல்லில் எக்கோ போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. கட்டளை முடிந்து கோப்பு மூடியதுமே கோரிக்கையும் போய்விடும். நிரலுக்குள்ளேயே திறந்து வைத்தேன், எக்ஸ்ரன் நின்றது. ஆனால் எல்லாக் கோர்களும் விழித்திருப்பதால் ஃபேன் இரைகிறது. மைக் இருக்கும் அறையில் அது ஆகாது. அதனால் ஒதுக்கிய கோர்களுக்கு மட்டும், கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் பிஎம்_கியூஓஎஸ்_ரெஸ்யூம்_லேட்டன்சி_யூஎஸ் மதிப்பை மாற்றினேன். இங்கே 0 என்றால் 'கட்டுப்பாடு இல்லை' என்று பொருள். தாமதமே கூடாது என்றால் 'என்/ஏ' என்றுதான் எழுத வேண்டும். இப்போது ஃபேனும் அடங்கிவிட்டது.

இனி மிச்சம் எஸ்எம்ஐ, அதாவது ஃபர்ம்வேர் கிளப்பும் குறுக்கீடு. அதைக் கண்டுபிடிக்கும் ஹெச்டபிள்யூலாட்டிடெக்ட் கருவியில் எப்போதாவது ஒன்று தலைகாட்டுகிறது. அது ஃபர்ம்வேர் பறிக்கும் நேரம், கர்னலால் தடுக்க முடியாது. அடுத்து பயாஸில் மின் மேலாண்மை அமைப்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கப் போகிறேன்.