தானாகவே வந்திருக்குமா?

பையன் வாசிக்கிறான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் வகுப்பு முடிகிற சமயத்தில் தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும், வேகம் கொஞ்சம் குறைவென்றாலும், தடுமாறாமல் வாசித்தான். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற அவன் அம்மா என்னிடம் சொன்னார்: "பாத்தீங்களா டீச்சர், நான் அன்னைக்கே சொன்னேன்ல, தானா வந்துடும்னு. நீங்கதான் எங்கள ரொம்ப பயமுறுத்திட்டீங்க."

கோபமில்லை. சிரித்துக்கொண்டே, நிம்மதியாகத்தான் சொன்னார். நானும் "சரிங்கம்மா, நல்லா படிக்கட்டும்" என்று வந்துவிட்டேன். ஆனால் அதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம், உறுதியான பதில் எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாம் வகுப்புக்கு வந்தபோது அவன் கற்றலின் முதல் படியான அரும்பு நிலையில் இருந்தான். அது பெரிய விஷயமில்லை. அரும்பில் இருப்பவர்கள் பலர் அரையாண்டுக்குள் அடுத்த படியான மொட்டுக்குப் போய்விடுவார்கள். இவன் 'கால்' என்பதைக் 'கரல்' என்பான், துணைக்காலைப் பார்த்தால் அவனுக்கு அது 'ர'. 'கொடி' வந்தால் 'கெரடி'. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் இருப்பதைப் பிடித்து எல்லாவற்றையும் ஒரே சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கு நம் எழுத்து வைக்கிற பெரிய சோதனை. இந்தத் தப்பை எல்லாப் பிள்ளைகளும் செய்வார்கள், திருத்தினால் சில வாரங்களில் பிடித்துக்கொள்வார்கள். இவனுக்கு இன்று சொன்னது நாளை இருக்காது.

அப்புறம் அந்தச் சத்த விளையாட்டு. மாடு, காடு, வீடு, பந்து என்று நாலு படங்களைப் பெயர் சொல்லி வைத்து, ஒரே மாதிரி சத்தம் வராதது எது என்று கேட்டேன். "பந்து" என்றான் உடனே. சரியான விடைதான். அடுத்த பிள்ளையிடம் போகப் போனவள், என்னவோ தோன்றி "ஏன்டா?" என்றேன். "மாடு காட்டுல மேஞ்சிட்டு வீட்டுக்கு வரும் டீச்சர். பந்துக்கு அங்க என்ன வேலை?" என்றான். கல், பல், நெல், மரம் என்று மாற்றிக் கேட்டேன். "பல்" என்றான். மற்றதெல்லாம் வெளியில் இருக்கிறதாம். நன்றாக யோசிக்கிற பிள்ளை. ஆனால் சொல்லின் கடைசியில் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வருவது அவன் காதில் நிற்கவே இல்லை.

இனி காத்திருக்க வேண்டாம் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். அம்மாவை வரச் சொன்னேன். "இவங்க அப்பாவும் இப்படித்தான் டீச்சர். மூணாவது வரைக்கும் எழுத்துக்கூட்டவே வராதாம், அப்புறம் வந்துடுச்சாம்" என்றார். எனக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். வாசிப்புச் சிரமம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது என்பதால் எனக்கு அதைக் கேட்டதும் கவலை கூடிப்போனது. "கற்றல் குறைபாடாக்கூட இருக்கலாம்மா. இப்பவே கவனிக்கணும்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப எம்புள்ள ஊனமா டீச்சர்?"

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டையும் வைத்திருக்கிறது. ஆனால் அதற்காக 2018-இல் வந்த வழிகாட்டுதலின்படி அப்போது எட்டு வயதுக்கு முன் சான்று கிடையாது. பையனுக்கு ஏழு. அதாவது, அந்த வருடம் யாரும் உறுதியும் செய்ய முடியாத, மறுக்கவும் முடியாத ஒன்றை நான் ஒரு தாயிடம் சொன்னேன். உறுதியாகத் தெரியும் வரை பொறுத்திருக்கலாம். அதற்குள் பாடம் எழுத்தைத் தாண்டிப் போயிருக்கும், 'எனக்குப் படிப்பு வராது' என்று அவனே முடிவு செய்திருப்பான். அப்படி முடிவு செய்துவிட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்தவள் நான்.

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். மணல் தட்டில் விரலால் எழுதிக்கொண்டே சத்தமாகச் சொல்வான். கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் அட்டையில் வெட்டி, சேர்த்துச் சேர்த்துப் பிரித்தோம். 'ர'வுக்குக் கீழே சாய்கோடு உண்டு, காலுக்குக் கிடையாது என்று தடவித் தடவிப் பழகினான். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரும் வரும்போதெல்லாம் பார்த்துச் சொன்னார்.

சேராததைக் கண்டுபிடிக்கிற இந்த விளையாட்டை வைத்து இங்கிலாந்தில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையண்ட் இருவரும் செய்த ஆய்வு 1983-இல் வந்தது. சத்தத்தில் பின்தங்கிய 65 பிள்ளைகளை நாலு குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்குச் சத்தப் பயிற்சி, ஒன்றுக்குச் சத்தத்தோடு எழுத்தும், மூன்றாவது குழு அதே படங்களைப் பொருளை வைத்துச் சேர்த்தது (என் பையன் செய்த மாதிரியே), நாலாவதுக்கு எதுவுமில்லை. சத்தமும் எழுத்தும் சேர்த்துக் கற்றவர்கள்தான் இரண்டு வருடத்தில் வாசிப்பில் முன்னால் இருந்தார்கள். பயிற்சியால்தான் வந்தது என்று அவர்களால் சொல்ல முடிந்ததற்குக் காரணம், பயிற்சி இல்லாத பிள்ளைகளும் பக்கத்தில் இருந்தார்கள். எனக்கு இருந்தது ஒரே பையன். பயிற்சி இல்லாமல் வளர்ந்த அவனை நான் எங்கே போய்ப் பார்ப்பது?

சில நாள் நினைத்துக்கொள்வேன், அந்த அரை மணி நேரம் இல்லாவிட்டால் இன்றும் 'கெரடி'தான் என்று. சில நாள் அம்மா சொன்னதே சரியோ என்று தோன்றும். அந்த வருடம் மணல் தட்டைத் தொடாத இரண்டு மூன்று பேரும் மொட்டுக்குப் போனார்கள்தானே. அப்படியானால் அந்தப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டுமா? பெயர் எதுவும் சொல்லாமலே பயிற்சியைத் தொடங்கியிருக்கலாம். ஆனால் பயந்ததால்தான் அவர் மில்லிலிருந்து வந்து, அடுப்படியில் நின்றுகொண்டே, நான் எழுதிக்கொடுத்த சொற்களைத் தினம் ராத்திரி அவனைச் சொல்லவைத்தார். அதை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அவன் தங்கை ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். அதே காது, அதே தடுமாற்றம். சேர்க்கும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "இவளுக்கும் ஆரம்பிச்சிடாதீங்க டீச்சர். அண்ணன் மாதிரி தானா வந்துடும்."

அதனால் தனியாக யாரையும் உட்காரவைக்காமல் சத்த விளையாட்டை மொத்த வகுப்புக்கும் வைத்திருக்கிறேன். மணல் தட்டு எல்லாருக்கும். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன், வீட்டுக்கு எதுவும் சொல்லவில்லை. பெற்றோரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று எல்லாப் பயிற்சிக் கூட்டத்திலும் பேசுகிறவள் நான், இன்றும் அதைத்தான் நம்புகிறேன். அண்ணனுக்கு அடுப்படியில் கிடைத்தது இவளுக்குக் கிடைக்கவில்லை என்பதும் தெரிகிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பையன் வாசிப்பதற்கு அம்மாவும் எவ்வளவு செய்தார் என்பதையாவது சொல்லலாம் என்றிருக்கிறேன். அதைச் சொன்னால் தங்கையைப் பற்றியும் அவர் கேட்பார்.