சொல்லிச் செய்த ஐந்து கம்பி பாஸ்

என் பாஸ் கிட்டாரைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது, "கம்பெனி கிட்டாரைவிட இது நல்லா இருக்கா?" என்பதுதான். வேலை நேர்த்தியை மட்டும் வைத்துச் சொன்னால், அதே விலைக்குக் கடையில் கிடைக்கும் வாத்தியம் இதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஒரு பட்டறையில் சொல்லி இதைச் செய்யவைத்தது வேறு காரணத்துக்காக.

பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கம் சர்ச்சிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் பல வருடமாக பாஸ் வாசிக்கிறேன். பாடுபவர் சுருதியை இறக்கச் சொன்னால் கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அழுத்திவிட்டுப் போய்விடுவார். நான்கு கம்பி பாஸில் மிகத் தாழ்ந்த கம்பியான ஈ-க்குக் கீழே இறங்க இடமே கிடையாது. அதற்காகத்தான் இந்தோனேசியாவில் செய்த ஐந்து கம்பி பாஸ் ஒன்றை வாங்கினேன். நல்ல வாத்தியம்தான், ஆனால் எடை நாலரைக் கிலோவைத் தாண்டும். கச்சேரி முடிந்து இறக்கி வைத்தால் இடது தோள் மரத்துப் போயிருக்கும். ஈ-க்கும் கீழே ஐந்தாவதாக வரும் பி கம்பி தொளதொளவென்று ஆடும். நெக்கின் (கழுத்தின்) குறுக்கே பதித்த ஃப்ரெட் எனும் உலோகப் பட்டைகளில் முதல் நாலுக்குள் விரலை விரித்து வாசித்தால் மணிக்கட்டு வலிக்கும்.

முதலில் செட்டப், அதாவது கம்பி உயரம், நெக் வளைவு எல்லாம் சரி பார்க்கும் வேலை, செய்து பார்த்தேன். புதிதாகச் செய்யச் சொல்ல நினைக்கும் யாருக்கும் இதைத்தான் சொல்வேன். இன்றைய தொழிற்சாலையில் நெக்கையும் பாடியையும் கணினி ஓட்டும் சி.என்.சி. இயந்திரம் வெட்டுகிறது, அந்த அளவுகளில் பிசகு வருவது அபூர்வம். விலையைக் குறைக்க அவசரம் காட்டுவது கடைசியில் கை பட வேண்டிய வேலைகளில்: நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் நட்டின் பள்ளங்களை ஆழம் பார்த்து அறுப்பது, ஃப்ரெட் முனைகளை ராவுவது. மெக்கானிக் முதல் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டு, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, நடுவில் எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்த்தார். கார்டு தொட்டும் தொடாமலும் போக வேண்டும்; என்னுடையதில் இரண்டு கார்டு போனது. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டை முடுக்கி, நட்டையும் சரி செய்ததும் என் குறையில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதி எடையும் கம்பியின் நீளமும். அவற்றை எந்தச் செட்டப்பாலும் மாற்ற முடியாது.

லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பாஸை 34 இன்ச் ஸ்கேலில் (கம்பி அதிரும் நீளம்) கொண்டுவந்தார். நெக்கைத் தனியாகச் செய்து நாலு திருகில் பாடியோடு பூட்டும் முறை. மளமளவென்று செய்யலாம், கெட்டுப்போனால் மாற்றலாம். அந்த 34 இன்ச்தான் இன்றைக்கும் பொது அளவு. பெரும்பாலான கைகளுக்கு அது ஒத்துப்போகிறது. என் கை சின்னது.

மைசூர் ரோடு பக்கம் சின்னப் பட்டறை வைத்துக் கிட்டார் செய்யும் ஒரு அண்ணாவுக்கு ஓசூர் சொந்த ஊர். நான் போனதும் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். "கட்டையை அப்புறம் பார்க்கலாம் தம்பி. வாசிங்க. எங்க வலிக்குதோ அங்க நிறுத்துங்க." நான் வாசிக்க வாசிக்க என் கட்டை விரல் நெக்குக்குப் பின்னால் எங்கே உட்காருகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டார்.

பி கம்பிக்கு 35 இன்ச், மிக உயர்ந்த சுருதியான ஜி கம்பிக்கு 33 இன்ச் என்று முடிவானது. ஃப்ரெட்கள் விசிறி மாதிரி சாய்ந்து போகும். அதே கம்பி, அதே சுதி, நீளம் 34-இலிருந்து 35 ஆனால் இழுவிசை சுமார் 6 சதவீதம் கூடும். தொளதொளப்பு அங்கேயே குறைந்துவிடும். விரல் விரிக்க வேண்டிய மேல் சுருதிக் கம்பிகள் குட்டையாகிவிடும். இப்படிக் கம்பிக்குக் கம்பி நீளம் மாறும் மல்டி-ஸ்கேல் பாஸ்களில் நான் கடைகளில் பார்த்தவற்றில் ஜி கம்பியே 34 இன்ச்சில்தான் ஆரம்பித்தது. எனக்குச் சொல்லிச் செய்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பாடிக்குச் சந்தன வேம்பு. வேம்பும் மகாகனியும் இதுவும் ஒரே குடும்பம், எடை குறைவு. எலக்ட்ரிக் பாஸில் பாடி மரம்தான் நாதத்தைத் தீர்மானிக்கிறது என்பதை நான் நம்பவில்லை. கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதற்கு அதைவிட அதிகப் பங்கு உண்டு. மரத்திடம் நான் எதிர்பார்த்தது லேசாக இருப்பதும் முறுக்கிக்கொள்ளாமல் இருப்பதும்தான். அண்ணா ஈரமானியின் இரண்டு ஊசியைக் கட்டையில் குத்தி, 8 சதவீதம் காட்டிய பிறகே எடுத்து வைத்தார்.

ஃப்ரெட்கள் பதிக்கும் ஃப்ரெட்போர்டுக்கு நம்ம ஊர் ஈட்டி (ரோஸ்வுட்). 2017-இல் ஈட்டி வகை மரங்கள் எல்லாம் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது மெக்சிகோவில் செய்யும் ஃபெண்டர்கள் பாவ் ஃபெரோ என்ற தென் அமெரிக்க மரத்துக்கு மாறின. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்கு வந்தது. எப்படியானாலும் மர டெப்போ பில்லைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

நெக் இழைத்த நாளை மறக்க மாட்டேன். அரத்தால் நாலு இழுப்பு இழுப்பார், என் கையில் கொடுப்பார். கண்ணை மூடிப் பிடித்துப் பார்க்கச் சொல்வார். பி கம்பிப் பக்கம் தோள் கொஞ்சம் புடைப்பாக இருக்கிறது என்றால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்ப்பார், மறுபடி கொடுப்பார். ஒரு கட்டத்தில் கை தானாக நெக்கில் ஓடியது, எங்கேயும் இடறவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காற்றில் லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும் என்று ஸ்ப்ரே கன்னைத் தொடவே மாட்டேன் என்றார். கிறிஸ்துமஸ் பாட்டு எல்லாம் பழைய பாஸிலேயே போயின. தேதி கொடுத்து ஆர்டர் செய்பவர்கள் பெங்களூர் மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கடைசியில் 3.7 கிலோவில் கைக்கு வந்தது. சுங்க வரி கட்டி வரவழைத்த பிக்கப், லேசான ட்யூனர் எல்லாம் சேர்த்துச் செலவு லட்சத்தை ஒட்டிப் போனது. இதே பணத்துக்கு மூன்று கடைகளில் வாசித்துப் பார்த்துப் பிடித்ததை எடுத்து வந்திருக்கலாம், வேண்டாமென்றால் நல்ல விலைக்கு விற்கவும் செய்யலாம். இதை என் கை அளவுள்ள ஒருவர்தான் வாங்குவார். பாடியின் பின்பக்க மூடியில் சின்னதாக ஒரு இடுக்குகூட இருக்கிறது. ஆனால் இப்போது முழு ஆராதனையும் நின்று வாசிக்கிறேன், தோள் வலி இல்லை. பி கம்பியைத் தட்டினால் சுதி நின்று ஒலிக்கிறது.

மார்ச் மாதம் காற்று காய்ந்ததும் ஃப்ரெட் முனைகள் விரலை உரச ஆரம்பித்தன. மரம் அகலத்தில் சுருங்கும், உலோகம் சுருங்காது. கம்பெனி வாத்தியத்திலும் இது நடக்கும். பட்டறைக்கு எடுத்துப் போனேன். டீ வரவழைத்து, பேசிக்கொண்டே முனைகளை ராவிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. முதல் வருட வேலை விலையிலேயே அடக்கம் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுதி வாங்கியிருந்தேன். நீங்களும் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.