மயிலையில் விடியல், அல்லிக்கேணியில் அந்தி

கபாலீச்சரம், லஸ் பிரகாச மாதா ஆலயம், சாந்தோம், வாலாஜா பெரிய பள்ளிவாசல், பார்த்தசாரதி கோயில். சென்னையின் இந்த ஐந்து பழைய தலங்களையும் ஒரே நாளில் தரிசித்துவிடலாம். தூரம் ஒரு பொருட்டே இல்லை, நேரம்தான் காலை வாரும். இரண்டு கோயில்களிலும் நண்பகல் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். பள்ளிவாசலுக்கு ஐவேளைத் தொழுகைதான் கடிகாரம். திருவல்லிக்கேணியில் நிதானமாக ஆரம்பித்து, வெயில் ஏறியபின் மயிலைக்கு வந்து, சாத்திய கதவைக் கும்பிட்டுத் திரும்புவோர் ஏராளம். அதனால் காலையில் மயிலை, உச்சிவேளையில் சாந்தோம், மாலையில் அல்லிக்கேணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதனும் வியாழனும் தோதான நாட்கள். வெள்ளி மதியம் ஜும்ஆ என்னும் கூட்டுத் தொழுகை, சனிக்கிழமை பெருமாள் கோயில் நெரிசல், ஞாயிறு காலை திருப்பலி, திங்கள் கபாலியில் கூட்டம். பிரதோஷம் எந்தக் கிழமையில் வருகிறது என்று பஞ்சாங்கத்தில் பார்த்துவிடுங்கள். அரைக்கால் சட்டை எங்குமே ஆகாது. பெண்கள் தலையை மூடிக்கொள்ளும் அளவுக்கு நீளமான துப்பட்டாவோ சேலைத் தலைப்போ வைத்திருந்தால் பள்ளிவாசலில் தயங்கி நிற்க வேண்டாம். ஷூ வேண்டாம், செருப்பே போதும். ஒரே நாளில் பலமுறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும்.

காலை 6 மணிக்குக் கபாலி கோயிலில் இருங்கள். சித்திரை, வைகாசியில் 10 மணிக்கே பிராகாரக் கல் பாதத்தைச் சுட ஆரம்பித்துவிடும். முதல்முறை வருபவர்கள் குழம்புவது சுவாமி பார்க்கும் திசையில். கபாலீசுவரர் மேற்கு நோக்கியவர். 1906இல் எழுந்த, ஏறத்தாழ 120 அடி உயரக் கிழக்கு ராஜகோபுரம் வழியாக நுழைந்தால் கருவறையின் பின்புறத்துக்குத்தான் வருவீர்கள். வாசலில் நர்த்தன விநாயகரை வணங்கி, வலமாகத் தெற்குப் பிராகாரத்தைக் கடந்து மேற்கே வாருங்கள். கொடிமரமும் நந்தியும் அங்கேதான். அங்கே நின்று கும்பிட்டபின் உள்ளே சென்றால் தரிசனம் முறைப்படி அமையும். பிறகு தெற்கு நோக்கிய கற்பகாம்பாள், சிங்காரவேலர், அங்கம் பூம்பாவை, கடைசியில் புன்னை மரத்தடி. அம்பாள் மயிலாக வந்து பூசித்த இடம் அது. அங்கே ஐந்து நிமிடமாவது சும்மா உட்காருங்கள். அபிஷேகத்துக்கோ அலங்காரத்துக்கோ திரை போட்டிருந்தால் போய்விடாமல் காத்திருங்கள், விலகும்.

பாம்பு தீண்டி இறந்த பூம்பாவை என்ற பெண்ணை எலும்பிலிருந்து எழுப்பச் சம்பந்தர் பாடிய பதிகம் ஊர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமல் போவாயோ என்று கேட்கும். அதில் மாசிக் கடலாட்டும் உண்டு. கடலும் மயிலையும் அவ்வளவு நெருக்கம். பழைய கபாலீச்சரம் கடற்கரையில்தான் இருந்தது. போர்ச்சுகீசியர் காலத்தில் அது அழிந்தபின் உள்ளே தள்ளி எழுந்தது இப்போதைய கோயில். பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியில் கிடைத்திருக்கின்றன. வருத்தம் தரும் செய்திதான், ஆனால் தெரிந்துகொண்டே சாந்தோமுக்குப் போவது நல்லது. கோயிலின் மேற்கே உள்ள தெப்பக்குளத்துக்கு நிலம் தந்தவர் ஆற்காட்டு நவாப் என்பது ஊர்ச்சொல். முகரம் நாளில் முஸ்லிம்கள் அந்தக் குளத்தில் இறங்கும் வழக்கத்தையும் அதோடு சேர்த்தே சொல்வார்கள்.

மாட வீதியில் சிற்றுண்டி முடித்து லஸ் பக்கம் நடந்தால் கால்மணி நேரத்தில் பிரகாச மாதா ஆலயம். மெட்ரோ வேலையால் பாதைகள் மாறிக்கொண்டே இருப்பதால் வண்டியில் போவதைவிட நடப்பதே மேல். 1516ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு இங்கே உண்டு. நகரின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று. சுற்றிலும் தோப்பும் காடுமாக இருந்த காலத்தில் வந்த ‘காட்டுக் கோயில்’ என்ற பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. சிறிய ஆலயம், அரைமணி நேரம் போதும்.

அங்கிருந்து கச்சேரி சாலை வழியாகக் கிழக்கே வந்தால் சாந்தோம். திருத்தூதர் தோமாவின் கல்லறைமேல் 1523இல் போர்ச்சுகீசியர் ஆலயம் எழுப்பினர். அதை இடித்துவிட்டுப் பிரிட்டிஷ் காலத்தில் கட்டி 1896இல் முடித்ததுதான் இப்போதைய கோதிக் பாணி ஆலயம். நெடிய கோபுரத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். இன்னொரு சிறிய கோபுரம் கல்லறை இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. பலர் பீடத்துக்கு முன்னால் ஜெபித்துவிட்டு, இதுதான் கல்லறை என்று எண்ணித் திரும்பிவிடுகிறார்கள். கல்லறைச் சிற்றாலயம் தரைக்குக் கீழே இருக்கிறது, அதற்கு ஆலயத்தின் பின்புறம் தனி வழி. படியிறங்கும்போதே பேச்சை நிறுத்திவிடுங்கள்; கீழே முழங்காலில் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அல்லர். மேலே வந்தபின் மயிலை மாதா. 1545இல் இங்கே தங்கியிருந்த புனித சவேரியார் இந்தச் சொரூபத்தின் முன் ஜெபித்தார் என்பது மரபு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தத் தலத்தைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிறிஸ்தவரோடு முஸ்லிம்களும் இந்தப் புனிதரைப் போற்றினார்கள், காய்ச்சலுக்கு மருந்தாக இங்கிருந்து செம்மண் எடுத்துப் போனார்கள் என்று குறித்திருக்கிறார்.

மதிய உணவை மயிலையிலேயே முடித்துக்கொண்டு 4 மணிக்குத் திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயில் ஏறுங்கள். முண்டகக்கண்ணியம்மன் கோயில், கலங்கரை விளக்கம், அடுத்தது திருவல்லிக்கேணி. ஆனால் பெருமாளுக்கு முன்னால் பள்ளிவாசல். பிற்பகலில் வரும் அஸர் தொழுகைக்கும் சூரியன் மறைந்ததும் வரும் மஃரிபுக்கும் நடுவிலுள்ள பொழுதுதான் வெளியார் வர ஏற்றது. சூரியன் சாய்ந்தபின் போனால் தொழ வருபவர்களுக்கு இடைஞ்சலாக நிற்பீர்கள். எங்கே வரை போகலாம், பெண்கள் எங்கே நிற்கலாம் என்று வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். தொழுகிறவர் முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. கட்டடம் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல். மரமும் இரும்பும் சேர்க்காமல் கட்டியது என்பார்கள். 1795இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா குடும்பத்தார் எழுப்பியது. கட்டிய ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு வரியை இயற்றியவர் ராஜா மக்கன் லால் என்ற இந்து. ‘திக்ருல்லாஹு அக்பர்’, அதாவது இறைநினைவே மிகப் பெரியது. அரபு எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் முதற்சொல் 920, இறைவன் பெயர் 66, ‘அக்பர்’ 223. மொத்தம் 1209, அதுவே கட்டி முடித்த ஹிஜ்ரி (இஸ்லாமிய) ஆண்டு. ரமலானில் இங்கே நோன்பு திறக்க வருவோருக்கு உணவு பரிமாறுவது சூஃபிதார் அறக்கட்டளை. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த இந்துக்கள் வழியாகத் தொடரும் தொண்டு இது. ரமலான் மாலையில் போனால் ஓரமாக நின்று பாருங்கள்.

மஃரிபுக்கு முன்பே கிளம்பி, பார்த்தசாரதி கோயிலுக்கு ஆட்டோவிலோ நடந்தோ வந்துவிடலாம். வேதவல்லித் தாயாரைச் சேவித்தபின் மூலவர். திரண்ட வரிசையில் கிடைப்பது சில நொடிகள்தான், ஆகவே எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போங்கள். முதலில் மீசை. பிறகு கைகள்: சங்கு உண்டு, சக்கரம் இல்லை. பாரதப் போரில் ஆயுதம் எடுப்பதில்லை என்று சொன்ன சொல்லைக் காப்பவர் அல்லவா! பக்கத்தில் ருக்மிணி, பலராமன், சாத்யகி, பிரத்யும்னன், அநிருத்தன் என்று குடும்பமே இருக்கிறது. உற்சவர் திருமுகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள். தீபாராதனை வெளிச்சத்தில்தான் தெரியும். பின்புறம் மேற்கு நோக்கிய தெள்ளியசிங்கர் என்னும் நரசிம்மர், தமக்கென்று தனிக் கொடிமரத்தோடு. பெருமாளைச் சேவித்த கையோடு வெளியேறுவோர் தவறவிடுவது இவரைத்தான்.

வரும்போது சர்க்கரைப் பொங்கல் வாங்காமல் வராதீர்கள். நெய் வழியும் தொன்னையை மண்டபத் தூணோரம் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இந்தக் கோயிலின் பல்லவர்காலத் தந்திவர்மன் கல்வெட்டு சொல்வதும் அமுதுபடிச் செய்திதான். கோயில் நிலம் அடகில் போய் நிவேதன அரிசி குறைந்துபோக, ஒருவர் நிலத்தை மீட்டு அளவைப் பழையபடி நிறைத்திருக்கிறார்.