பின்னுரித்தாளர் பெயர்

விசுவமடுவில் இருக்கும் பெரியம்மாவின் காணிப் பெர்மிற்றைப் போட்டோக் கொப்பி எடுப்பதற்காகச் சென்ற மாதம் கையில் வாங்கினேன். 2009 இல் இறுதிப் போரின்போது சொப்பிங் பையில் சுற்றி, நெஞ்சோடு கட்டி மாத்தளன் வரை அவர் சுமந்து வந்த தாள் அது. மடிப்புகளில் கிழிந்து, பின்புறம் ஒட்டுநாடா போட்டு நிற்கிறது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பெர்மிற்காரர் தமக்குப் பின் காணி யாரைச் சேரும் என்று ஒரு பின்னுரித்தாளரை நியமிக்கலாம். பெரியம்மா மூத்த மகனின் பெயரைக் கொடுத்திருந்தார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அந்த அண்ணாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. காணியில் இப்போது கச்சான் போடுபவர் சின்னக்கா. அவருடைய பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை.

அதன் பிறகு ஆதியாகமம் 15 ஆம் அதிகாரத்தை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை. வானத்து நட்சத்திரங்களை எண்ணிப் பார் என்ற வசனத்தில்தான் பிரசங்கங்கள் தங்கி நிற்கும். அதற்கு முன்பாக ஆபிரகாம் கேட்பது, எங்கள் கச்சேரி வாசலில் கேட்கக்கூடிய கேள்வி: எனக்கு எதைத் தந்து என்ன, பிள்ளை இல்லையே, தமஸ்கு ஊரானாகிய எலியேசர் அல்லவா எனக்குச் சுதந்தரவாளி? காரானை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு 75 வயது. ஈசாக்கு பிறந்தபோது 100. நிலமும் சந்ததியும் ஒரே வாக்குறுதியில் பிணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று இல்லாமல் மற்றது வெறும் பேச்சாகவே நின்றுவிடும் என்பதை அந்த 25 ஆண்டுகளில் அவர் நன்றாக உணர்ந்திருப்பார்.

அதே அதிகாரத்தின் முடிவில், வாக்களிக்கப்பட்ட நிலத்தில் ஏற்கெனவே குடியிருந்த பத்து இனத்தாரின் பெயர்கள் வருகின்றன. வன்னியில் இருந்து வாசிக்கிற ஒருவர் அந்தப் பட்டியலை அவசரமாகத் தாண்டிவிட முடியாது. அந்தப் பத்தில் ஏத்தியரும் அடக்கம். ஆனால் 23 ஆம் அதிகாரத்தில், மனைவி சாராள் 127 வயதில் எபிரோனில் இறந்தபோது, அவளை அடக்கம் செய்ய ஒரு துண்டு நிலம்கூட இல்லாத ஆபிரகாம், நான் உங்களிடையே அந்நியன் என்று சொல்லி அதே ஏத்தியருக்கு முன்பாகக் குனிந்து வணங்கி நிற்கிறார். நிலத்துக்குச் சொந்தக்காரனான எப்பெரோன் அதைச் சும்மா தருவதாகச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. 400 சேக்கல் வெள்ளியை எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துக் கொடுத்து மக்பேலாவை வாங்குகிறார். வயல், அதிலுள்ள குகை, எல்லைக்குள் நிற்கும் மரங்கள் எல்லாம் உறுதியாயிற்று என்று எழுதப்பட்டிருக்கும் இடம், ‘வான்பயிர், செய்பயிர், கிணறு உட்பட’ என்று எங்கள் நொத்தாரிசுமார் எழுதும் உறுதியின் நடையில் அப்படியே இருக்கிறது.

கொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போன மாலையில் இந்த இரண்டு அதிகாரங்களையும் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எப்பெரோனின் பேச்சு வந்ததும், “சும்மா தந்த காணிக்கு நாளைக்கு ஆர் சாட்சி? மனிசன் விசயம் தெரிஞ்சவர்” என்றார்.

சற்று நேரம் கழித்து, அந்த எலியேசருக்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். பெயர் திரும்ப வரவில்லை என்றும், 24 ஆம் அதிகாரத்தில் ஈசாக்குக்குப் பெண் தேடி ஒட்டகங்களுடன் போகிற வீட்டின் மூத்த ஊழியக்காரன் அவன்தான் என்று பலர் கொள்வதுண்டு என்றும் சொன்னேன். ஆபிரகாமின் உடைமைகளையெல்லாம் பராமரித்தவன் அந்த ஊழியக்காரன். பெரியம்மா வெளியே பார்த்தார். கிணற்றடியில் சின்னக்கா தண்ணீர்ப் பம்பின் குழாயை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அந்த மனிசனுக்கு ஆபிரகாம் ஏதும் எழுதிக் குடுத்தவரே?”

அப்படி எதுவும் அதில் இல்லை என்றேன்.