ஆற்றங்கரை அங்கன்வாடி, வெள்ளத்துக்குப் பிறகு

9 டிசம்பர் 2024, திங்கள்

இன்றுதான் அந்த ஊருக்குப் போக முடிந்தது. விழுப்புரம் மாவட்டம், தென்பெண்ணைக் கரை. ஊர் பெயரையும் பிள்ளைகள் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி கரையைக் கடந்தது, மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை, மறுநாள் ராத்திரி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள், விடிவதற்குள் ஆறு ஊருக்குள் வந்துவிட்டது.

அங்கன்வாடிச் சுவரில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. சத்துமாவுப் பாக்கெட், பாய், பொம்மை எதுவும் மிஞ்சவில்லை. பதிவேட்டில் 22 பிள்ளைகள், வந்திருந்தது 9 பேர். அதில் நாலு வயசுப் பையன் ஒருவன் தன் செருப்பு இரண்டையும் கையிலேயே பிடித்திருந்தான். சாப்பிடும்போது மடியில், படுக்கும்போது வயிற்றோடு சேர்த்து. டீச்சர் ஒருமுறை வாங்கி வாசலில் வைத்துப் பார்த்தாராம், அலறித் தீர்த்துவிட்டான்.

அவன் பாட்டியிடம் அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் ஆரம்பித்ததுமே, "இன்னும் எத்தன பேருக்கும்மா சொல்றது?" என்றார். மருத்துவ முகாமில் கேட்டிருக்கிறார்கள், அரிசி கொடுக்க வந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள், கேமராவோடு வந்த ஒருவர் பையனையே நிற்கவைத்துக் கேட்டிருக்கிறார். கேட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. நோட்டை மூடிவிட்டு அவரோடு சேர்ந்து பாய்களை அலசிக் காயப்போட்டேன்.

11 டிசம்பர், புதன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூடினோம். டாக்டர் மேடம், கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி மேற்பார்வையாளர், டீச்சர், பக்கத்துத் தொடக்கப்பள்ளி தலைமையாசிரியர், பிள்ளைகளின் வளர்ச்சிச் சிக்கல்களைப் பார்க்கும் மாவட்ட இடையீட்டு மையத்திலிருந்து நான். ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு இருந்தது. செவிலியரிடம் தடுப்பூசி விவரம், டீச்சரிடம் எடையும் உயரமும், தலைமையாசிரியரிடம் அந்தப் பிள்ளைகளின் அக்கா அண்ணன்களின் வருகைப்பதிவு. ஒரே வீட்டைப் பற்றி மூன்று பேரிடம் மூன்று தகவல், ஆனால் மூவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. மூன்று வயசுப் பாப்பா ஒருத்தி ராத்திரி படுக்கையை நனைக்கிறாள் என்று டீச்சருக்குத் தெரியும். அவள் அம்மா எட்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்று செவிலியருக்குத் தெரியும். இரண்டும் ஒரே வீட்டு விஷயம் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

பயந்த பிள்ளைகள் எல்லோரையும் உடனே மையத்துக்கு அனுப்பிவிடலாமா என்று டாக்டர் மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன். விரலைச் சூப்புவது, அம்மாவை விட்டு நகராதது, விட்டிருந்த மழலை திரும்ப வருவது எல்லாம் இந்த வயசில் இவ்வளவு பெரிய வெள்ளத்துக்குப் பிறகு எதிர்பார்க்க வேண்டியவைதான், பெரும்பாலான பிள்ளைகளுக்கு வீடும் வேளாவேளைக்குச் சோறும் தெரிந்த முகங்களும் திரும்பினால் சில வாரங்களில் தணியும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல் இருப்பவர்களையும், நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகிறவர்களையும்தான் அனுப்ப வேண்டும். போக வர நாலு மணி நேரம் பஸ், ஒரு நாள் கூலி போய்விடும் என்று டீச்சர் சொன்னார், அதையும் சேர்த்துத்தானே முடிவு எடுக்க வேண்டும்.

ஒன்று மட்டும் உறுதியாக முடிவானது: நடந்ததைப் பற்றி இனி அந்தக் குடும்பங்களிடம் யாரும் தனித்தனியாகப் போய்க் கேட்பதில்லை. யாருக்கு யார் நெருக்கமோ அவர் கேட்பார், கேட்டதை, அதுவும் தேவையான அளவுக்கு மட்டும், மற்றவர்களுக்குச் சொல்வார்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால் அங்கன்வாடி ஆயாம்மா வேப்பமரத்தடியில் டீச்சருக்காகக் காத்திருக்கிறார். செருப்புப் பையனைப் பற்றி உள்ளே அரை மணி நேரம் பேசியிருந்தோம். ஆயாம்மா ஒரே மூச்சில் சொன்னார்: அன்றைக்கு ராத்திரி வெறுங்காலோடு ஓடியதில் அவன் காலில் முள் ஏறிவிட்டது, முட்டை உரிக்கும்போது அவனே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "செருப்பு இருந்தா வேகமா ஓடலாம் ஆயா" என்றானாம். இவரை ஏன் உள்ளே கூப்பிடவில்லை? யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

12 டிசம்பர், வியாழன்

காலையிலிருந்து மறுபடி கொட்டுகிறது. சாத்தனூரில் திரும்பத் திறக்கிறார்கள் என்று செய்தி. போக வழியில்லை, மூன்று முறை போனில் பேசினேன். ஓட்டில் மழைச் சத்தம் கேட்டதும் நாலைந்து பிள்ளைகள் கதவருகே ஓடிப்போய் நின்றுவிட்டார்களாம். "தண்ணி வராதுன்னு சொல்லட்டுமா?" என்றார் டீச்சர். சொல்லாதீர்கள் டீச்சர், வந்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டார்கள் என்றேன். என்ன நடக்கிறது, அதற்குப் பெரியவர்கள் என்ன செய்துவைத்திருக்கிறார்கள், அதை மட்டும் சொன்னால் போதும்.

மேற்பார்வையாளர் தலையாரியிடம் பேசி, ஆற்றில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மணிக்கு ஒருதரம் அங்கன்வாடி வாசலுக்கு வந்து சொல்ல ஏற்பாடு செய்துவிட்டார். தண்ணி படித்துறையில் இருக்கிறது, ஏறினால் பள்ளிக்கூட மாடிக்குப் போவோம், ஆயா கூட வருவாங்க என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். மதியத்துக்குள் அம்மாக்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஊருக்குள் தண்ணீர் வரவில்லை.

17 டிசம்பர், செவ்வாய்

தெருவில் சேறு இன்னும் காயவில்லை. பிள்ளைகள் வெள்ள விளையாட்டு விளையாடுகிறார்கள். ஒருத்தி "தண்ணி, தண்ணி" என்று கத்த, மற்றவர்கள் கவிழ்த்துவைத்த பிளாஸ்டிக் தொட்டிமேல் ஏற, செருப்புப் பையன்தான் எல்லோரையும் கைபிடித்துத் தூக்குகிறான். டீச்சருக்குப் பதறியது, நிறுத்தப் போனார். விட்டுவிடச் சொன்னேன். வார்த்தையில் சொல்லத் தெரியாததை இந்த வயசுப் பிள்ளைகள் விளையாடித்தான் வெளியே எடுத்துவைக்கிறார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: விளையாட்டு ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறதா, ஆடி முடித்த பிள்ளை லேசாகிறதா இன்னும் இறுகிப்போகிறதா என்பது. ஒரு பிள்ளை மட்டும், படுக்கையை நனைக்கும் அந்தப் பாப்பா, விளையாட்டில் சேரவே இல்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயாம்மா அந்தப் பையனுக்கு ஒரு மஞ்சப்பை கொண்டுவந்திருந்தார், பிடியைச் சுருக்கித் தைத்து. செருப்பை அதில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்குமே என்று. நான் படித்த படிப்பில் எனக்கு இது தோன்றியிருக்காது.

23 டிசம்பர், திங்கள்

இன்றைக்கு டீச்சர் அழுதார். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது, மகளின் பள்ளிச் சான்றிதழ்கள் போய்விட்டன, அப்படியிருந்தும் நாலாவது நாளே வந்து அங்கன்வாடியைக் கழுவித் திறந்திருக்கிறார். இரண்டு வாரமாகப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று நாங்கள் எல்லோரும் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தோமே தவிர, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் டீச்சர் என்று யாரும் கேட்கவில்லை. செவிலியர்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் கையைப் பிடித்திருந்தார். தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் பெரியவரின் மடியில் பிள்ளை எப்படி அமைதியாகும்? மேற்பார்வையாளரிடம் பேசி, சுற்றியுள்ள ஆறு அங்கன்வாடிப் பணியாளர்கள், உதவியாளர்கள் எல்லோரும் மாதத்தில் ஒரு மதியம் பதிவேடு இல்லாமல் கூடி உட்கார அனுமதி கேட்டிருக்கிறோம்.

எங்கள் மையத்துப் பெரியக்கா நாகப்பட்டினத்தில் வேலை பார்த்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையிலிருந்து வந்து ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்களேதான் மற்றவர்களைத் தாங்கினார்கள், அவர்களில் பாதிப் பேர் தாங்களும் யாரையாவது இழந்தவர்கள் என்பார் அக்கா.

6 ஜனவரி 2025, திங்கள்

இரண்டாவது கூட்டம், இந்தத் தடவை அங்கன்வாடியிலேயே, தரையில் பாய் விரித்து. ஆயாம்மாவை முதலில் பேசச் சொன்னோம். கூச்சப்பட்டார், அப்புறம் ஒவ்வொரு பிள்ளையாக, யார் யார் முட்டையை முழுசாகச் சாப்பிடுகிறார்கள், யார் தூக்கத்தில் திடுக்கிடுகிறார்கள், யார் சாயங்காலம் வீட்டுக்குப் போக மறுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். டாக்டர் மேடம் விடாமல் எழுதிக்கொண்டார்.

ஒரு மாதம் தாண்டிவிட்டது. 22 பேரில் 19 பேர் தினமும் வருகிறார்கள். படுக்கையை நனைக்கும் பாப்பா இப்போது பேசுவதும் குறைந்துவிட்டது. அவளை மையத்துக்கு அழைப்பது என்று முடிவு செய்தோம். அவள் அம்மாவிடம் யார் பேசுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, பிரசவத்திலிருந்து கூட இருந்த செவிலியர்தான். நான் பேசியிருந்தால், பிள்ளைக்குப் புத்தியில் ஏதோ கோளாறு என்று ஊர் சொல்லுமோ என்ற பயத்தில் அவர் வராமலே இருந்திருக்கலாம்.

21 ஜனவரி, செவ்வாய்

பொங்கல் முடிந்து இன்றைக்குத்தான் போனேன். வாசலில் பிள்ளைகள் போட்ட கோலம் பாதி அழிந்து கிடந்தது. சேற்றுக் கோட்டின்மேல் வெள்ளையடித்துவிட்டார்கள், ஆனாலும் உற்றுப் பார்த்தால் தெரிகிறது.

மஞ்சப்பை இப்போது பையனின் பாய்க்கு மேலே ஆணியில் தொங்குகிறது, கைக்கு எட்டும் உயரத்தில். சாப்பிடும்போது எடுக்கவில்லை. தூங்குவதற்கு முன்னால் ஒருமுறை எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்தான்.

பாப்பா வியாழக்கிழமை வருகிறாள். அம்மா, செவிலியர் இரண்டு பேரும் கூட வருகிறார்கள், காலை எட்டு மணி பஸ். இதுவரை நடந்ததை டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார், அதனால் அந்த அம்மாவிடம் முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை. சாப்பிட்டாயா என்றுதான் ஆரம்பிக்கப்போகிறேன்.