மூன்று ஓட்டு, ஒரு சீட்டு: ஆங்கிலேய ஊரின் வார்டு ஓட்டு எண்ணிக்கை

இங்கிலாந்தில் பல கவுன்சில்களில் ஒரு வார்டுக்கு இரண்டு மூன்று கவுன்சிலர்கள் உண்டு. மூன்று இடத்துக்கும் ஒன்றாகத் தேர்தல் வரும் வருடம் வாக்காளருக்கு மூன்று ஓட்டு. வாக்குச்சீட்டு மட்டும் ஒன்றுதான். மூன்றையும் போட்டே தீர வேண்டும் என்று இல்லை. ஒரே ஒரு பெருக்கல் குறி போட்டாலும் செல்லும். ஒருவருக்கே மூன்றையும் கொடுக்க முடியாது. நான்கு பேருக்குப் போட்டால் சீட்டு மொத்தமும் போச்சு.

(விசாவில் இருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களும் 18 வயது நிரம்பியிருந்தால் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் பதிவு செய்து இந்தத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். பதிவுக்குக் கடைசி நாள் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள் முன்பு. சாவடியில் புகைப்பட அடையாளம் கேட்பார்கள்.)

யார் முதலில், யார் மூன்றாவது என்பது வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைக்கக் கூடாது. ரெடிங் ஊரில் வார்டு எல்லைகளை மாற்றியதால் 2022 மே மாதம் 16 வார்டுகளிலும் மும்மூன்று இடம், மொத்தம் 48க்கும் ஒரே நாளில் தேர்தல் நடந்தது. அதன் பிறகு ஒரு தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு மட்டும் என்ற பழைய முறைக்குத் திரும்ப வேண்டுமே! அதனால் வார்டில் முதலில் வந்தவருக்கு நான்கு வருடம், இரண்டாமவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒரே வருடம். சில ஓட்டு குறைந்ததற்காக 2023லேயே மறுபடி வீடு வீடாகக் கதவு தட்ட வேண்டிய நிலை.

இதில் பெயரும் விளையாடும். சீட்டில் வேட்பாளர்கள் குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில் வருவார்கள், கட்சிவாரியாக அல்ல. ஒரே கட்சிக்காரர் மூவரும் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடப்பார்கள். மேலே இருக்கும் இருவரைக் கண்டுபிடித்துக் குறி போட்டுவிட்டு, அடியில் இருக்கும் மூன்றாமவரைக் கவனிக்காமலே சீட்டை மடிப்பவர்கள் உண்டு. துண்டுப் பிரசுரத்தில் மூன்று பெயரையும் சீட்டில் வரும் அதே வரிசையில் அச்சிடுவதுதான் இதற்கு மலிவான மருந்து.

இனி எண்ணும் மண்டபம். வேட்பாளருக்காக எண்ணிக்கையைக் கண்காணிக்கும் ஏஜென்டாக உள்ளே போக, வாக்குப்பதிவுக்கு ஐந்து வேலை நாள் முன்பே பெயரை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். முதலில் நடப்பது சரிபார்ப்பு: பெட்டியில் இருக்கும் சீட்டுகள் எத்தனை, சாவடிக் கணக்கில் எழுதியிருப்பது எத்தனை என்று ஒத்துப் பார்ப்பது. சீட்டின் பின்பக்க எண் யார் கண்ணிலும் படாமல் இருக்க, முகம் மேலே பார்த்தபடிதான் வைப்பார்கள். ஏஜென்டுக்கு இதுதான் பொன்னான நேரம். எந்தச் சாவடியில் யாருக்கு விழுந்திருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம். பின்னால் பெட்டிகள் கலந்துவிட்டால் அந்தத் தகவல் போனது போனதுதான்.

அடுத்து பிரிப்பு. மூன்று ஓட்டும் ஒரே கட்சிக்கு விழுந்த சீட்டுகள் தனி அடுக்கு. கலப்புச் சீட்டுகளும், ஒன்றிரண்டு குறி மட்டும் உள்ளவையும் வேறு. கட்சி அடுக்கை எண்ணுவது சுலபம், ஆனால் ஆபத்தும் அதில்தான். இரண்டு குறி மட்டும் உள்ள சீட்டு ஒன்று உள்ளே புகுந்துவிட்டால், மூன்றாமவருக்கு விழாத ஓட்டு கணக்கில் ஏறிவிடும். கட்டின் ஓரத்தைப் பிடித்துச் சரசரவென்று புரட்டினால் குறி இல்லாத கட்டம் கண்ணில் தட்டும்.

கலப்புச் சீட்டுகளுக்குப் பல ஊர்களில் ‘கிராஸ் ஸ்கர்ட்’ என்ற புல் பாவாடை முறை. பெரிய தாளில் சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலக்கி ஒட்டுவார்கள். குறி விழுந்த வலது ஓரம் மட்டும் வெளியே தெரியும். ஒவ்வொரு வேட்பாளரின் வரிசையிலும் குறுக்கே விரலை ஓட்டி எண்ணி, கடைசியில் தொகையை எழுதுவார்கள். ஒரு சீட்டு அரை அங்குலம் கீழே நழுவினாலும் ஒருவரின் ஓட்டு அடுத்த வரிக்காரருக்குப் போய்விடும்.

சரிபார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு தாளில் 25 சீட்டு என்றால் 75 ஓட்டுக்கு இடம். நான்கு சீட்டில் ஒரே குறி, ஒன்றில் இரண்டு குறி என்றால் பயன்படாதவை 9. எல்லா வரிசையும் கூட்டி 66 வர வேண்டும். வரவில்லையா, அந்தத் தாளை மறுபடி எண்ணச் சொல்லுங்கள். வாய்விட்டுச் சொன்னால்தான் நடக்கும். முறைத்துப் பார்த்துப் பயனில்லை.

செல்லாத சீட்டுக்குக் காரணம் நான்கு: அதிகாரபூர்வ முத்திரை இல்லாமை, அளவுக்கு மீறிய ஓட்டு, வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்து, வெறுமை அல்லது தெளிவின்மை. பெருக்கல் குறிக்குப் பதிலாக டிக் போட்டாலும் எண்ணம் தெளிவாக இருந்தால் செல்லும். இரண்டு ஓட்டு தெளிவாகவும் மூன்றாவது மட்டும் சந்தேகமாகவும் இருந்தால் அந்த ஒன்றை மட்டும் தள்ளி, ‘பகுதி நிராகரிப்பு’ என்று எழுதுவார்கள். நிராகரிப்பை ஏஜென்ட் எதிர்த்தால் அதையும் சீட்டில் குறிக்க வேண்டும். ஆனால் ரிட்டர்னிங் அதிகாரி (தேர்தலை நடத்துபவர்) சொன்னதே முடிவு, அதற்கு மேல் தேர்தல் மனுதான்.

மறு எண்ணிக்கையை வேட்பாளரோ அவருடைய தலைமை ஏஜென்டோ கேட்கலாம், மேசையருகே எண்ணிக்கையைக் கண்காணிக்கும் ஏஜென்ட் கேட்க முடியாது. நியாயமில்லை என்று பட்டால் அதிகாரி மறுக்கலாம். முதலில் கட்டுகளைச் சரிபார்க்கச் சொல்வது புத்திசாலித்தனம். ஒரு கட்டு தவறான தட்டில் உட்கார்ந்திருந்தால் அங்கேயே பிடிபடும்.

சமநிலை வந்தால் குலுக்கல். பெயர் வந்தவருக்கு ஓர் ஓட்டு கூடுதலாகச் சேரும். எப்படிக் குலுக்குவது என்று சட்டம் சொல்வதில்லை. 2017ல் நார்தம்பர்லேண்டின் சவுத் பிளைத் வார்டில் துரும்பு இழுத்தார்கள். அங்கே ஓரிடம்தான். லிபரல் டெமாக்ரட் வென்றார், கன்சர்வேட்டிவ் வேட்பாளர் தோற்றார். அதனால் அந்தக் கட்சி கவுன்சிலின் 67 இடங்களில் 33 இடத்தோடு, பெரும்பான்மைக்கு ஒன்று குறைவாக நின்றது.